வலது கை அரசாங்கத்துக்கு, இடது கை எனக்கு

எங்கள் ஏஜென்சியில் இப்போது வேலை பார்க்கிற இளவட்டங்கள் சிலர், போன வாரம் பழனிசெட்டிபட்டி டீக்கடையில் என்னை மடக்கிக்கொண்டார்கள். தேனியில் ஏதோ ஒரு கடையில் செக்யூரிட்டி ஒருவர் வாடிக்கையாளரின் சட்டையைப் பிடித்துவிட்டாராம். மறுநாளே கேஸ். அதற்கு மறுநாள் வேலையும் போய்விட்டது. இவர்களுக்கு ஒரே கொதிப்பு.

"அண்ணே, போலீஸ்காரக சட்டையப் புடிச்சா விசாரணைங்கிறாக. நாம புடிச்சா குத்தம்ங்கிறாக. கை எல்லாருக்கும் ஒண்ணுதானண்ணே?"

கேட்டவர்கள் சரியான ஆளிடம்தான் கேட்டார்கள். ஒரே மனிதரை, ஒரே நேரத்தில், வலது கையை ஒரு போலீஸ் ஏட்டும் இடது கையை ஒரு தனியார் செக்யூரிட்டியும் பிடித்தால் சட்டம் என்ன செய்யும் என்கிற பரிசோதனை, எனக்குத் தெரிந்து இந்தத் தேனி மாவட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. வலது கையைப் பிடித்த ஏட்டு என் மச்சான் செல்லப்பாண்டி. இடது கையைப் பிடித்தது நான். டீ ஆறுவதற்குள் பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சன்னாசி. மில் கேட்டில் பாதி ஆயுள், கல்யாண மண்டபக் கேட்டில் மீதி ஆயுள் என்று காவல் காத்துவிட்டு, சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். 'ஓய்வு பெற்றேன்' என்று எழுதினால் ஏதோ கலெக்டர் உத்தியோகம் பார்த்த மாதிரி இருக்கிறது. உண்மையில், முழங்கால் வலியால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நானும் போலீஸ் ஆகியிருக்க வேண்டியவன்தான். செல்லப்பாண்டியும் நானும் அப்போது கூட்டாளிகள். ஆள் எடுப்புக்கு ஒரே நாளில் போனோம். மார்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்றவர் இழுத்த இழுப்பில் அவருடைய நிஜார் நழுவிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு எங்கே நிற்கும்? மார்பு போதாது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். நிஜார் நழுவியவர் செல்லப்பாண்டி. அவர் தேர்வாகிவிட்டார். என் போலீஸ் வேலையைக் கெடுத்ததற்கு ஈடாகத்தான் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தார் என்று நான் சொல்வதுண்டு. என் மனைவி பாண்டியம்மாள், அதில் நஷ்டம் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்பாள்.

மச்சானுக்குக் காக்கி, எனக்கு நீலம். அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கு வந்தால், எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவர் சொல்கிற ஒரு வசனம் உண்டு.

"மாப்ள, ட்யூட்டியில நான் ஒரு காரியம் செஞ்சேன்னு வையி, என் மேல கேஸ் போடணும்னா கோட்டையில இருந்து உத்தரவு வரணும். அரசாங்கம் எனக்குக் கொடை புடிக்குது. உனக்கு யாரு புடிக்கிறா? மண்டபத்து மேனேஜர் தும்முனாப் போதும், நீ வீட்டுல இருப்ப."

நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லி எலும்பு எப்போதும் அவருக்குத்தான் போகும். அந்த வருத்தமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் ஏஜென்சியை நடத்தியவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்த பெரியகுளத்துக்காரர். பயிற்சி அவருடைய மாந்தோப்பிலேயே நடக்கும். காலையில் சல்யூட், பகலில் மாங்காய் பொறுக்குவது, சாயங்காலம் சட்டம். இதில் மாங்காய் பொறுக்குவது எந்தப் பாடத்தில் சேரும் என்று கேட்டவரை, குனிந்து நிமிரும் பயிற்சி என்று சொல்லி இன்னொரு தோப்புக்கு அனுப்பினார்.

சுபேதாரின் கோபத்தை அளக்க ஒரு வழி இருந்தது. சந்தோஷமாக இருந்தால் 'ஏலே' என்பார். சாதாரண நாளில் 'நீ'. கொஞ்சம் மனம் கசந்தால் 'நீங்க'. குரல் உயரவே உயராது, மரியாதைதான் உயரும். 'தாங்கள்' என்று ஆரம்பித்துவிட்டால் பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட வேண்டியதுதான். மில் கேட்டில் தூங்கிப் போன ஒருவரிடம் "தாங்கள் நன்றாக உறங்கினீர்களா?" என்று கேட்டாராம். அந்த மனிதர் அப்படியே நடந்து உசிலம்பட்டிக்கே போய்விட்டார் என்று பேசிக்கொள்வார்கள்.

சட்டப் பாடத்தை மட்டும் 'ஏலே'யில்தான் நடத்துவார்.

"ஏலே, இந்த நீலச் சட்டையப் பாத்து நாய்தான் கொரைக்கும். சட்டத்துக்கு முன்னாடி நீயும் ரோட்டுல போற ஆளும் ஒண்ணு. உன் கண்ணு முன்னாடி பெரிய குத்தம் நடந்தா, ரோட்டுல போறவரு புடிக்கலாம்ல, அதே மாதிரி நீயும் புடிக்கலாம். புடிச்ச கையோட போலீஸ்ல விட்டுறணும். நடுவுல உக்காரவச்சு டீ வாங்கிக் குடுத்தீன்னா, ஆள அடைச்சு வச்சேன்னு உன் மேலயே கேஸ் வரும். மத்ததுக்கெல்லாம் வணக்கம் சொல்லு, ஓரமா நில்லு, மேனேஜரக் கூப்புடு."

அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

மண்டபத்துக் கேட்டில் வேலை என்றால் சும்மா நிற்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு முகூர்த்த நாள் வந்து நின்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வணக்கம், பெண் வீட்டாருக்கு அதே அளவு வணக்கம். ஒரு விரற்கடை கூடினாலும் சண்டை. குடித்துவிட்டு வருகிற பெரியப்பாவை, குடிக்காத பெரியப்பாபோல நடத்தி உள்ளே அனுப்ப வேண்டும். மொய் எழுதுகிற மேஜைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் கூட்டம் முட்டாமல் ஒழுங்குபடுத்த வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் கேட் பாஸ். ஒரு கல்யாணத்தில் மண்டபத்து அண்டா ஒன்று, ஒரு குடும்பத்தோடு வேனில் ஏறிப் போய்விட்டது. அன்றிலிருந்து மேனேஜர் ஒரு சட்டம் போட்டார். மண்டபத்துக்குள் வந்த பொருள் எதுவாக இருந்தாலும், வெளியே போகும்போது அவர் கையெழுத்துப் போட்ட மஞ்சள் சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஏதாவது வெளியே வந்தால் நான் நீளமாக ஒரு விசில் ஊத வேண்டும். மேனேஜர் ஓடிவருவார். நான் யாரையும் தொட வேண்டியதில்லை. ரொம்ப நல்ல ஏற்பாடு. அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மண்டபத்துக்குள் கொட்டுமேளம் முழங்கினால் விசில் மேனேஜருக்குக் கேட்காது. ரோட்டில் இருக்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தேனி பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். பிள்ளைக்குத் தாய்மாமன் கூடலூர் சின்னமாயன். குமுளிக்கும் அதற்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் சில வைத்திருந்தார். ஆள் ஆறடி, மீசை அதில் ஓரடி. தங்கச்சி மகளுக்குச் சீர் கொண்டுவருகிற செய்முறை என்று அவர் வந்த வரத்தைப் பார்க்க ரோடே நின்றுவிட்டது. முன்னால் மேளம், பின்னால் தாம்பூலத் தட்டுகள், பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, நடுவில் கொம்புக்குச் சாயம் பூசி மாலை போட்ட கிடா. நான் விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தேன். கிடா மட்டும்தான் திரும்பிப் பார்த்தது.

காதுகுத்து வீட்டுக்காரர் ஒரு கட்சிப் பிரமுகரையும் அழைத்திருந்தார். அதற்காக ரோட்டில் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். அந்த பந்தோபஸ்துதான் என் மச்சான். அவர் எதிர்ப்புறம் வடைக்கடை வாசலில் நின்று ரோட்டையும் வடையையும் ஒருசேரக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

பிரமுகர் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் கட்டிய பேனரில் பிரமுகரின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. தாய்மாமன் படத்தின்மேல் வாழைமரத்தைக் கட்டிவிட்டார்கள். குலைக்குப் பின்னால் மீசையின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. அதைக்கூட சின்னமாயன் பொறுத்துக்கொண்டார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையில் உட்கார்ந்தவரிடம், வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் போய்ச் சொன்னாராம்:

"மச்சான் கொஞ்சம் எந்திரிங்க. தலைவர் வரட்டும். அவுக மடியில வச்சுக் குத்துவோம். போட்டோவுக்கு நல்லாருக்கும்."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்துவது என்பது, மாப்பிள்ளை இல்லாமல் தாலி கட்டுகிற மாதிரி. சின்னமாயன் எழுந்தார். தட்டு, பட்டு, கொலுசு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஸ்டோர் ரூம் பக்கம் கட்டியிருந்த கிடாவை மட்டும் அவிழ்த்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உள்ளே போன பொருள் வெளியே வருகிறது.

"அய்யா வணக்கம். கிடாவுக்குப் பாஸ் இருக்குங்களா?"

"எதுக்குப் பாஸு?"

"உள்ள வந்த பொருள் வெளிய போனா, மேனேஜர் சீட்டு வேணுங்கய்யா."

"ஏய்யா, இது என் ஆடு. கூடலூர்ல இருந்து எங்கூட ஜீப்புல வந்த ஆடு. இது திரும்பிப் போக ஒங்க மேனேஜரு யாரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்துக்கு மஞ்சள் சீட்டு கிடையாது. அவர் நடந்தார். நான் விசில் ஊதினேன். உள்ளே மேளம் உச்சத்தில் இருந்தது. கிடா என்னைத் தாண்டியது. சுபேதார் சொன்னது அத்தனையும் நினைவில் இருந்தது, தொடக் கூடாது என்பதும் நினைவில் இருந்தது. அதனால் நான் கயிற்றைத்தான் பிடித்தேன். கயிற்றில் ஏற்கனவே அவருடைய இடது கை இருந்தது.

விசில் கேட்டால் ஓடு, ஓடினால் பிடி. போலீஸ் பயிற்சியில் அதைக் காலுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், தலைக்குச் சொல்வதில்லை. மச்சான் பாதி வடையைப் போட்டுவிட்டுப் பறந்து வந்தார். வந்த வேகத்தில் சின்னமாயனின் வலது கையைப் பிடித்து முறுக்கினார். சட்டைக் கை தோளோடு கிழிந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

"பட்டப்பகல்ல ஆடு களவாங்குறியா?" என்று கத்தினார்.

செய்முறைக்கு வந்த சனம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. கையில் போன் வைத்திருந்த ஒருவர் படமும் பிடித்தார். கிடா கயிற்றை உருவிக்கொண்டு கம்பம் ரோட்டில் பாய்ந்தது. சரியாக அந்த நேரத்தில் பிரமுகரின் கார்கள் வந்தன. கிடா முதல் காருக்கு முன்னால் நின்றுகொண்டது. மாலையோடு நிற்கிற ஆட்டைப் பார்த்து, வரவேற்பு என்று நினைத்துக்கொண்டார் பிரமுகர். இறங்கிக் கும்பிட்டார். தொண்டர் ஒருவர் ஆட்டின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். போட்டோ எடுத்தார்கள். விழா முடிந்ததென்று கார்கள் திரும்பிப் போய்விட்டன.

அன்று மாலை நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனில் இருந்தோம். கிடாவும் இருந்தது, கேஸ் சொத்து என்று வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற பழக்கமுள்ளவர். தூங்குகிறாரோ என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினால் "ம்" என்பார். சின்னமாயன் கிழிந்த சட்டையோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீ எடதா?"

"ஆமாங்கய்யா."

"அந்தப் பக்கம் நில்லு." பிறகு சின்னமாயனிடம் திரும்பினார். "இங்க பாருங்க. இந்த செக்யூரிட்டி மேல நான் இப்பவே எஃப்.ஐ.ஆர். போடலாம். வழிய மறிச்சுப் புடிச்சாரு, முடிஞ்சது. ஏட்டு வந்து ட்யூட்டியில இருந்த ஆளு. மேல எழுதணும், மெமோ வரும், விசாரணை நடக்கும். கொஞ்சம் நாளாகும்."

"அய்யா, ரெண்டு கையும் என் ஒடம்புலதான இருக்கு? எடது கைக்கு இன்னைக்கே நியாயம், வலது கைக்கு எப்பவோவா?"

இன்ஸ்பெக்டர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மச்சானுக்கு இதில் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"அரசாங்கம் அனுமதி இல்லாம என் மேல கேஸ் போட முடியாதுல்லங்கய்யா?"

"யோவ், அந்தக் கொடை, அரசாங்கம் மட்டுமே வேலைய விட்டுத் தூக்கக்கூடிய பெரிய அதிகாரிகளுக்கு. ஒன்னத் தூக்க எஸ்.பி. கையெழுத்துப் போதும்யா. அதுலயும் ட்யூட்டிக்காகச் செஞ்ச காரியமா இருக்கணும். பந்தோபஸ்துல ஆடு புடிக்கிறது எங்கய்யா வருது?"

இத்தனை வருடம் எங்கள் வீட்டு நல்லி எலும்பெல்லாம் வெறும் காற்றுக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தால் என் நிலைமை அதைவிட மோசமாக இருந்தது.

சின்னமாயன் எழுந்து நின்றார். "கேஸெல்லாம் எனக்கு வேணாம்யா. ஏந் தங்கச்சி வீட்டு வாசல்ல, ஏஞ் சனத்துக்கு முன்னாடி, என் ஆட்டையே களவாண்டேன்னு சொன்னாக. புடிச்சவக வந்து தப்புன்னு சொல்லட்டும். அம்புட்டுத்தான்."

மச்சான் வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்ஸ்பெக்டர் லேசாகத் தலையை ஆட்டினார். மச்சான் வாயை மூடிக்கொண்டார். காரணம் பிறகு சொன்னார். எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. தோளில் ஸ்டார் ஏறுகிற நேரம். "தப்புன்னு சொன்னேன்னா, குத்தத்த ஒத்துக்கிட்டாருன்னு எழுதிருவாக மாப்ள. பட்டியல்ல பேரு போயிரும்." இதுதான் சிக்கல். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னால் இவருக்கு ஸ்டார் இல்லை.

என் சிக்கலைத் தீர்க்க மறுநாள் சுபேதாரே மண்டபத்துக்கு வந்தார்.

"தாங்கள் சௌக்கியமா?" என்றார்.

என் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது.

"தங்கள் மீது வழக்குப் பதிவானால், போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று தங்களுக்குக் கிடைக்காது. அது இல்லாதவரை நான் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. தாங்கள் கூடலூர் போய் மன்னிப்புக் கேட்பீர்களா, அல்லது இப்போதே பெல்ட்டைக் கொடுத்துவிடுகிறீர்களா?"

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். யாருக்கும் எழுதிப் போடவில்லை, யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. கூடலூரில் சின்னமாயன் வீட்டு வாசலில் நின்று, அவர் காலில் விழலாம் என்று குனிந்தேன். முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டது. விழவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நின்ற என்னை அவர்தான் பிடித்துத் தூக்கினார். அப்படியே அவருடைய இடது கையைப் பற்றிக்கொண்டு, "தப்புங்கய்யா" என்றேன். என் கண் கலங்கிவிட்டது. முழங்கால் வலியும் ஒரு காரணம் என்றாலும், முழுக் காரணம் அது இல்லை.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குமுளிக்கு ஜீப் ஓட்டி ஓட்டி, மனம் இளகினால் அவருக்கு மலையாளம் வந்துவிடும். "சாரமில்ல, போட்டே" என்றார், பரவாயில்லை, விடு என்கிற மாதிரி. காபி கொடுத்தார். மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து, இடது கை சம்பந்தமாகத் தனக்குப் புகார் இல்லை, வலது கை அப்படியே நிற்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிடாவை ஓட்டிக்கொண்டு போனார். பிரமுகரின் மடிக்கு ஆசைப்பட்ட வீட்டுக்காரரைப் பிள்ளையின் தாய் ஒரு வழி பண்ணியிருந்தாள். காதுகுத்து பிறகு கூடலூரிலேயே, தாய்மாமன் மடியில் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது. மச்சானுக்கு வரவில்லை.

பாண்டியம்மாளுக்கு ஆங்காரம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கு வந்த அண்ணனிடம் சொல்லிவிட்டாள்: "எடது கைக்குத்தான் இந்த வீட்டுல சோறு. வலது கை போயி தப்புன்னு சொல்லிட்டு வரட்டும்."

"ஆத்தா, சொல்லணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உத்தரவு இல்லாம சொல்லக் கூடாதுத்தா."

"அப்ப உத்தரவு கேளு."

கேட்டார். அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய கூத்து. 'புகார்தாரரிடம் வருத்தம் தெரிவிக்க அனுமதி வேண்டுகிறேன்' என்று நிஜமாகவே மனு எழுதி மேலே அனுப்பினார். அது எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு, 'எந்த விதியின் கீழ்?' என்று ஓரத்தில் எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. அப்படி ஒரு விதி இல்லை. அடிப்பதற்கு எவ்வளவு, எப்போது, எதைக் கொண்டு என்றெல்லாம் விதி இருக்கிறது. வருத்தப்படுவதற்கு இல்லை.

கடைசியில் விசாரணை வந்தது. விசாரித்தவர் புதிதாக வந்த டி.எஸ்.பி. மேடம், ரொம்பக் கறார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னமாயனும் வந்து, வெள்ளை வேட்டி சட்டையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"விசில் சத்தம் கேட்டதும் ஏன் ஓடுனீங்க?"

"பழக்கம் மேடம்" என்றார் மச்சான்.

"அது தனியார் விசில். உங்களைக் கட்டுப்படுத்தாது. அது தெரியலையா?"

"ஓடுறப்ப யாரு விசிலுன்னு கேக்குறதில்லங்க மேடம்."

மேடம் யோசித்தார். இரண்டு விசிலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "ஊதுங்க" என்றார்.

"இங்கனயா மேடம்?"

"ஊதுங்க."

அன்று ஊதின மாதிரியே நீளமாக ஊதினேன். வெளியே ஒரு நாற்காலி சாய்கிற சத்தம். அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது. மூன்று போலீஸ்காரர்கள் உள்ளே பாய்ந்தார்கள். அறையைப் பார்த்தார்கள். மேடம் யூனிஃபார்மில், மச்சான் யூனிஃபார்மில், நான் நீல யூனிஃபார்மில். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். ஒருவர் வலது கையைப் பிடித்தார், ஒருவர் இடது கையைப் பிடித்தார், மூன்றாமவர் பிடிக்கக் கை இல்லாமல் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

சின்னமாயன் அசையாமல், நிதானமாகக் கேட்டார்.

"மேடம், இப்ப இதுக்கு நான் யாருகிட்ட மனுக் கொடுக்கணும்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "...என்கிட்டத்தான்."

"விசாரணை பண்றது?"

"அதுவும் நான்தான்."

மூன்று பேரும் சல்யூட் அடித்துவிட்டு மறைந்தார்கள். டீ வந்தது, கூடவே பிஸ்கட்டும் வந்தது. மச்சான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பழக்கத்தில் செய்துவிட்டார் என்று மேடம் எழுதினார். சாட்சியம் இதைவிடப் பலமாக இருக்க முடியாது. ஓர் எச்சரிக்கையோடு மெமோ முடிந்தது. பட்டியலில் மச்சான் பெயர் தப்பித்தது.

"மன்னிப்பு?" என்றார் சின்னமாயன்.

"அவரை எச்சரிச்சிருக்கோமே."

"அது நீங்க அவருக்குச் சொன்னது மேடம். அவரு எனக்குச் சொல்ல வேண்டியது?"

மேடம் கையிலிருந்த ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். பாவம், உண்மையாகவே தேடினார். "அதுக்கு இதுல எடம் இல்லைங்க" என்றார்.

சின்னமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மச்சான் அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கடந்து போகும்போது சின்னமாயன் ஒரு கணம் நின்றார். மச்சானின் கண் மேடத்தின் ஃபைலுக்குப் போய்த் திரும்பியது. சின்னமாயன் போய்விட்டார்.

ஸ்டார் வந்தது. மச்சான் அதைப் பாண்டியம்மாளிடம் காட்ட வந்தார். அவள் நன்றாக இருக்கிறது என்றாள், சோறும் போட்டாள். ஆனால் அந்தத் தோளை நிமிர்த்தி அவர் நடந்து நான் பார்த்ததில்லை. கூடலூர் பக்கம் டியூட்டி போட்டால் வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடுவார். நல்லி எலும்பை என் தட்டுக்குத் தள்ளிவிடுவார். குடை பிடிக்கிற வசனத்தை அவர் அப்புறம் சொல்லவே இல்லை. அவருடைய அந்த அலட்டல் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே சப்பென்று ஆகிவிட்டன.

ஸ்டாரோடு ஓய்வு பெற்றார். சில மாதம் வீட்டில் இருந்து பார்த்தார். அவர் தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் நிறுத்தி லைசென்ஸ் கேட்க ஆரம்பித்ததும், அவர் மனைவி, எனக்கு அத்தாச்சி, கையெடுத்துக் கும்பிட்டு அவரை எங்கள் ஏஜென்சியில் சேர்த்துவிட்டார். நான் அப்போது சூப்பர்வைசர். முதல் நாள் நீலச் சட்டையில் வந்து நின்றவருக்கு, சுபேதார் சொன்ன சட்டப் பாடத்தை நான் நடத்தினேன்.

"இனிமே ஒரு ஆளத் தொட்டா நேரா கோர்ட்டுதான் மச்சான். கொடையும் இல்ல, தூத்தலுக்கு ஒதுங்க எடமும் இல்ல."

"அப்ப நாம என்ன செஞ்சாலும் நாமளே பதில் சொல்லிக்கிறணும். அப்படித்தான மாப்ள?"

"அப்படித்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கிண்டலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில், காலைப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் நாங்கள் இரண்டு பேரும். ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து சின்னமாயன் இறங்கினார். யாரோ உறவினர் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். மீசை முழுக்க நரைத்திருந்தது. மச்சான் விறைத்துப் போனார்.

"மச்சான், நீங்க பின்னால போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மச்சான் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நேரே போய் சின்னமாயன் முன்னால் நின்றார்.

சின்னமாயனுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரு?"

"நாந்தாங்க. வலது கை."

அவர் மேலும் கீழும் பார்த்தார். நீலச் சட்டையைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒங்க சனத்துக்கு முன்னாடி ஒங்களக் களவாணின்னு சொன்னேன். தப்புங்க. ஒங்க ஆட்ட நீங்க ஓட்டிட்டுப் போனீக. நாந்தான் அறிவில்லாம வந்து புடிச்சேன். மன்னிச்சிருங்க."

மச்சான் இதை மெதுவாகச் சொல்லவில்லை. களவாணி என்று கத்திய அதே குரலில், வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இதச் சொல்ல இம்புட்டு வருசமாய்யா?"

"உத்தரவு வரலீங்க."

"இப்ப வந்துருச்சா?"

"இப்ப யாருகிட்டயும் கேக்க வேணாம்னு ஆயிருச்சு."

சின்னமாயன் வலது கையை நீட்டினார். மச்சான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவில்லை. அப்படியே இருவரும் படியேறினார்கள். உள்ளே போகுமுன் சின்னமாயன் திரும்பி என்னைப் பார்த்து, "என்னய்யா, எடது கை சாப்புட வரலையா?" என்று சத்தம் போட்டார்.

"நீங்க போங்கய்யா, கேட்டுக்கு ஆள் வேணும்ல" என்றேன்.